ஒக்கோகோன் கிழவரின் ஆயுள்

ஓரோக் விழுந்த அன்று காலையில்தான் மழை விட்டிருந்தது. படகுத்துறையெங்கும் சேறு. நானும் மாயெனும் அடுப்பைப் பற்றவைத்து முதல் சட்டி ஃபூஃபூவை, மரவள்ளிக் களியை, கிண்டிக்கொண்டிருந்தோம். கலபார் துறையில் தகரக்கூரை போட்ட சாப்பாட்டுக்கடை எங்களுடையது. குழம்பெல்லாம் மாயெனின் கைப்பக்குவம். கிண்டுவதும் கழுவுவதும் கடன் கேட்பவனைத் திட்டி விரட்டுவதும் என் பொறுப்பு. மாயெனின் கணவன்தான் ஓரோக். எதிரிலேயே படகு மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தான். நல்ல உடற்கட்டு. ஒரு மோட்டாரைத் தனியாளாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சேற்றில் நடப்பான்.

அன்றும் வழக்கம்போல முதல் தட்டு அவனுக்குத்தான். ஒரு வாய் வைத்தவுடனே முகத்தைச் சுளித்தான்.

"அதிம், உன் கூட்டாளிக்கு உப்பு விலை ஏறிடுச்சா? குழம்பா இது, ஆத்துத் தண்ணியா?"

"உன் பொண்டாட்டிகிட்ட கேளு. உனக்குப் பிரஷர்னு துறைக்கு வந்த நர்ஸ் பொண்ணுங்க சொன்னதிலிருந்து உனக்கு மட்டும் தனியா எடுத்து வைக்கிறா."

"அது போன வருஷக் கதை. மாத்திரை போட்டேன், தலைவலி போச்சு, விட்டுட்டேன். என்னைப் பாரு, சீக்காளி மாதிரியா இருக்கேன்? உப்பைக் கொண்டா."

மாயென் உப்பு டப்பாவைத் தன் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள். அவன் எழுந்து வந்து சிரித்துக்கொண்டே பிடுங்கிப் போனான். துறையே பார்த்துச் சிரித்தது.

சாப்பிட்டு முடித்து, ஒரு மீனவனின் மோட்டாரைச் சோதிக்கப் போனான். கயிற்றை இழுத்தான். கை நழுவியது. "எண்ணெய்க் கை" என்று சொல்லிச் சிரித்தான். மறுபடி இழுத்தபோது கயிறு கையில் இருந்தது, ஆனால் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. வலது கையை இடது கையால் தூக்கிப் பார்த்தான், யாரோ ஒருவருடைய கையைத் தூக்குவதைப்போல. மாயெனைப் பார்த்து ஏதோ சொன்னான். கஞ்சி கொதிக்கிற சத்தம்தான் வாயிலிருந்து வந்தது. உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. பிறகு சேற்றிலேயே மடிந்து விழுந்தான்.

நாங்கள் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் தலையில் வாளித் தண்ணீரைக் கொட்டினான். ஒருத்தி செம்பனை எண்ணெயை வாயில் ஊற்றப் பார்த்தாள். மாயென் அந்தக் கரண்டியைத் தட்டிவிட்டு, "வாய்க்குள்ள எதையும் விடாதீங்க, மூச்சு அடைச்சுக்கும்!" என்று கத்தினாள். அந்த நேரத்தில்தான் கருவாட்டுக் கடையிலிருந்து அடியாகா ஓடிவந்தாள். ஓரோக்கின் அண்ணன் மனைவி அவள். அண்ணன் இத்தா இறந்து பல வருடம் ஆகியும் கறுப்புத் துணியைத் தலையிலிருந்து எடுக்காதவள். மைத்துனனின் கோணிய வாயைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே மார்பில் அடித்துக்கொண்டாள்.

"அவன் மறுபடியும் கை வச்சுட்டான்! ஆத்துக்கு அந்தக் கரையில உக்காந்துகிட்டே கை வச்சுட்டான்!"

அவன் என்றால் யார் என்று யாரும் கேட்கவில்லை. துறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஓரோக்கின் அப்பாவுக்கு ஒரு தம்பி உண்டு. பெயர் ஒக்கோகோன். இளமையில் கப்பலில் சமையல்காரராக ஊர் ஊராகப் போனவர். அந்த வீட்டு ஆண்கள் யாரும் தலை நரைக்கிறவரை இருந்ததில்லை. ஓரோக்கின் அப்பா வலை இழுக்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பெரியவன் இத்தா ஒரு கல்யாணத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தான், வாய் கோணி, ஒரு வார்த்தையும் பேசாமல், மூன்றாம் நாள் போய்விட்டான். ஒக்கோகோன் மட்டும் இருந்தார். முடி நரைத்தது, முதுகு வளைந்தது, சாவு மட்டும் வரவில்லை. வீட்டாருக்கு அதுவே சாட்சி. அண்ணனின் வருடங்களையும் அண்ணன் மகனின் வருடங்களையும் தின்றுவிட்டுத்தான் இந்தக் கிழவன் உயிரோடு உட்கார்ந்திருக்கிறான் என்றார்கள். இத்தாவைப் புதைத்த வாரமே கிழவரின் வீட்டுக் கூரையைப் பிரித்து, சுவரை இடித்து, ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அவர் ஆற்றைக் கடந்து கிரீக் டவுனுக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் அவர் பெயரை வாய்விட்டுச் சொல்பவர்கள் இல்லை.

"ஜெப வீட்டுக்குத் தூக்குங்கடா," என்றாள் அடியாகா. "ஆஸ்பத்திரியில ஊசி போட்டா இது உள்ளயே இறங்கிடும்."

"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க," என்றாள் மாயென். "என் புருஷனை நான் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போறேன். ஜெபத்தை நீங்க இங்கேருந்து பண்ணுங்க."

மூன்று சக்கர வண்டி ஒன்றில் அவனை ஏற்றி, தலையை மாயென் மடியிலும் காலை என் மடியிலும் வைத்துக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருத்தி பார்த்தாள். மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது, வலது பக்கம் விழுந்துவிட்டது, பிழைப்பான், ஆனால் பழைய ஆளாக எழுந்திருக்க நாளாகும் என்றாள். சீக்கிரம் கொண்டுவந்தது நல்லது என்றும் சொன்னாள். பிறகு மாயெனை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டாள்.

"வீட்ல வேற யாருக்காவது பிரஷர் இருக்கா?"

"இல்ல டாக்டர். அவங்க குடும்பத்துல அந்த மாதிரி நோயெல்லாம் கிடையாது."

"அவரோட அப்பா எப்படி இறந்தாரு?"

மாயென் என்னைப் பார்த்தாள். "அது... செய்வினை."

டாக்டரம்மா சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "சரி. செய்வினை என்ன பண்ணுச்சு? அன்னிக்கு என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்லுங்க."

மாயென் சொன்னாள். வலை இழுத்தது, தலையைப் பிடித்தது, விழுந்தது. இத்தாவைப் பற்றியும் சொன்னாள். கல்யாணம், ஆட்டம், கோணிய வாய். சொல்லச் சொல்ல அவள் குரல் மெதுவாகிக்கொண்டே போனது. நடுவில் ஒரு இடத்தில் நின்று, உள்ளே கட்டிலில் கிடக்கும் ஓரோக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரத்தத்துல ஓடுற சமாச்சாரம்மா இது," என்றாள் டாக்டரம்மா. "வலிக்காது, தெரியாது. தெரியும்போது இப்படித்தான் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. பார்த்துடலாம்."

ஒரு மாத்திரை அட்டையை வாங்கிவரச் சொன்னாள். அவனால் நன்றாக விழுங்க முடிகிறவுடன் தினமும் கொடுக்க வேண்டும், சாகும்வரை நிறுத்தக் கூடாது என்றாள். மாயென் அதை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாங்கள் வெளியே வராந்தாவுக்கு வந்தபோது அடியாகா காத்திருந்தாள், கூடவே அவளுடைய மகன் அன்சா. இருபத்தைந்தைத் தாண்டிய வாலிபன். அப்பாவின் சாவைப் பையனாக நின்று பார்த்தவன். பக்கத்தில் அவனுடைய பங்காளிகள் இரண்டு பேர்.

"ஜெப வீட்டு அம்மா பார்த்துச் சொல்லிட்டாங்க," என்றாள் அடியாகா. "கிழவன் தன் வாயாலயே 'விட்டேன்'னு சொல்லணும். இல்லேன்னா ஓரோக் உசிரு ஞாயித்துக்கிழமை தாண்டாது."

"சொல்ல வைக்கிறோம்," என்றான் அன்சா. "சொல்லலேன்னா அவனும் தாண்ட மாட்டான்."

"அன்சா, டாக்டர் சொல்றாங்க இது பிரஷர்னு. உன்னையும் வந்து பார்த்துக்கச் சொன்னாங்க."

"சித்தி, பிரஷர் ஒரு வீட்டு ஆம்பளைங்களை மட்டும் தேடித் தேடிப் பிடிக்குமா? கிழவனை மட்டும் விட்டுட்டுப் போகுமா? அதை டாக்டரம்மாகிட்ட கேட்டீங்களா?"

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கேள்வி எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

அன்சாவும் மற்றவர்களும் ஆட்களைத் திரட்டப் போனதும் மாயென் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதிம், நான் முன்னாடியே போறேன். போய் அந்த மனுஷன் கால்ல விழறேன். அவரு பண்ணினதா இருந்தா விட்டுடட்டும். பண்ணலேன்னா... பண்ணலேன்னா இந்தப் பசங்க கொலைகாரங்களா ஆகக் கூடாது."

"டாக்டர் சொன்னதை நம்புறியா, அடியாகா சொன்னதை நம்புறியா?"

"தெரியலடி. ரெண்டும் என் நெஞ்சுக்குள்ள உக்காந்திருக்கு. என்னை விடு, படகைப் பிடி."

ஓரோக்கைப் பார்த்துக்கொள்ள மாயெனின் தங்கையை உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினோம். படகின் இரண்டு பக்கமும் சதுப்புக் காடு. அலையாத்தி வேர்கள் தண்ணீருக்குள் விரல்களை ஊன்றி நின்றன. படகோட்டி, ஓரோக் சரிசெய்து கொடுத்த மோட்டார் இது என்று சொல்லி எங்களிடம் காசு வாங்க மறுத்தான். அதைக் கேட்டதும்தான் மாயென் அழுதாள்.

கிழவரின் வீடு கிரீக் டவுனின் பழைய தேவாலயத்துக்குப் பின்னால், வாழைத் தோப்பின் ஓரத்தில் இருந்தது. ஒரு அறை, ஒரு சமையல் தாழ்வாரம். அவர் வாசலில் உட்கார்ந்து வாழைக்காயைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தபோது கூட்டம் அவர்மேல் கல் எறிந்துகொண்டிருந்தது. இப்போது இன்னும் சிறுத்திருந்தார். எங்களைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"யாரு விழுந்தா?" என்று கேட்டார்.

மாயென் அப்படியே நின்றுவிட்டாள்.

"எங்க வீட்டு ஆளுங்க என்னைத் தேடி வர்றாங்கன்னா யாரோ விழுந்திருக்கணும். யாரும்மா? ஓரோக்கா?"

அவள் ஈர மண்ணில் விழுந்து அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, விட்டுடுங்க மாமா. அவரை எனக்குக் கொடுத்துடுங்க. எங்க பக்கம் தப்பு இருந்தா என்னை எடுத்துக்கங்க."

கிழவர் கால்களை இழுத்துக்கொள்ளவில்லை. குனிந்து அவள் தலையைத் தொடப் போனவர், தொடாமல் கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தொட்டால் அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார்.

"எந்தப் பக்கம் விழுந்துச்சு? வாய் கோணிச்சா? பேச்சு இருக்கா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நான்தான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, களைப்புதான். "இதைத்தான் அன்னிக்கும் கேட்டாங்க. இத்தா செத்தப்போ குடும்பக் கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னேன். இது நம்ம ரத்தத்துல இருக்கிற பிரஷர், எனக்கும் இருக்கு, எல்லாரும் போய்ப் பாருங்கன்னு. 'எப்படிச் செத்தான்னு இவனுக்கு மட்டும் தெரியுது, அப்போ இவன்தான் கொன்னான்'னு சொன்னாங்க. அப்புறம் நான் வாயைத் திறக்கல."

"உங்களுக்கும் இருக்கா?" என்றாள் மாயென், தரையில் இருந்தபடியே.

அவர் உள்ளே போய் ஒரு பால்மாவு டப்பாவை எடுத்துவந்தார். மூடியைத் திறந்து சாய்த்தார். மாத்திரை அட்டைகள். சில காலி, சில பாதி, சில புதியவை. "கப்பல்ல வேலைக்குச் சேரும்போது டாக்டர் பார்த்துச் சொன்னாரு. அப்போ எனக்கு இந்த அன்சா வயசுகூட இருக்காது. தினம் ஒண்ணு போடாம கப்பல்ல ஏத்த மாட்டோம்னாங்க. சமையலறையில உப்பைத் தொட்டா தலைமைச் சமையல்காரன் கையில அடிப்பான். பிழைப்பு போயிடுமேன்னு பயந்து போட்டேன்மா. புத்திசாலித்தனமெல்லாம் இல்ல. லீவுக்கு வரும்போதெல்லாம் அண்ணன்கிட்ட சொல்வேன். 'அது வெள்ளைக்காரன் நோய், கப்பலோட வச்சுக்கோ'ன்னு சிரிப்பான்."

மாயென் எழுந்து உட்கார்ந்தாள். தன் பையைத் திறந்து, ஆஸ்பத்திரியில் வாங்கிய அட்டையை எடுத்தாள். டப்பாவிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஒரே மாத்திரை.

அவள் முகத்தில் அப்போது நான் பார்த்தது நிம்மதி என்று சொல்ல முடியாது. வெகு நாள் பழகிய வீட்டுக்குள் நுழைந்து, சுவர்களெல்லாம் இடம் மாறியிருப்பதைக் கண்டவள்போல இருந்தாள்.

வாழைத் தோப்புக்கு அப்பால் சத்தம் கேட்டது. அன்சா வந்துவிட்டான். பின்னால் ஏழெட்டு வாலிபர்கள், கையில் துடுப்பும் கம்பும். ஒருவன் வரும் வழியிலேயே கிழவரின் தண்ணீர்ப் பானையை உதைத்து உடைத்தான்.

மாயென் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "உள்ள வர்றதுன்னா என் மேல ஏறித்தான் வரணும்."

"சித்தி, தள்ளுங்க. உங்க புருஷனுக்காகத்தான் வந்திருக்கோம்."

"என் புருஷன் என்ன நோயில கிடக்கிறாரோ அதே நோய்க்கு இவரு மாத்திரை தின்னுக்கிட்டிருக்காரு. இதோ பாரு! ஒரே மாத்திரை! இவரு உயிரோட இருக்கிறது உங்க அப்பா வருஷத்தைத் தின்னு இல்லடா, இதைத் தின்னு!"

"எல்லாம் கிழவனோட வேஷம்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

கிழவர் மாயெனை மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். கையில் பிரஷர் பார்க்கும் ஒரு சிறு மிஷின், அதிலிருந்து தொங்கும் துணிப்பட்டை. ஊயோ நகரத்தில் இருக்கும் அவருடைய மகள் வாங்கிக் கொடுத்தது.

"அன்சா. உன் அப்பன் சாயல் அப்படியே இருக்குடா உனக்கு. தலை வலிக்குமா?"

அன்சாவின் பின்னால் நின்ற பங்காளி ஒருத்தன் தன்னையறியாமல், "காலையிலெல்லாம் வலிக்குதுன்னு சொல்வானே," என்றான்.

"வாயை மூடுடா!"

"அடிக்கிறதுக்குத்தானே வந்தே, அடி. நான் எங்கேயும் ஓடப் போறதில்ல, ஓடுற காலும் இல்ல. அதுக்கு முன்னாடி உன் கையைக் கொடு. இந்த மிஷின் என்னோடதுன்னு சந்தேகமா இருந்தா, முதல்ல அதோ அவன் கையில கட்டுறேன், அந்தக் கம்பு வச்சிருக்கிறவன். அவன் நம்ம ரத்தம் இல்லையே?"

கம்பு வைத்திருந்தவன் துறையில் மீன் இறக்கும் பையன். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கூச்சத்தோடு சிரித்து, "கட்டுங்க, எனக்கென்ன," என்று கையை நீட்டினான். மிஷின் உறுமி, மூச்சுவிட்டு, எண் காட்டியது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் கிழவர்.

அன்சா அசையாமல் நின்றான். மாயென் அவன் கையிலிருந்த துடுப்பை வாங்கிக் கீழே போட்டாள். அவன் தடுக்கவில்லை. கிழவர் அவனை மர முக்காலியில் உட்காரவைத்தார். "ஓடி வந்திருக்கே, கோபத்துல இருக்கே. இப்போ பார்த்தா யாருக்கும் ஏறித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா உக்காரு. தண்ணி குடி. பானையை உடைச்சுட்டீங்க, அதிம், உள்ள குடத்துல இருக்கும், கொண்டாம்மா."

தண்ணீர் கொண்டுவந்தேன். அன்சா குவளையைப் பார்த்தான். சூனியக்காரன் வீட்டுத் தண்ணீர். நான் முதலில் ஒரு மடக்கு குடித்துக் காட்டிக் கொடுத்தேன். குடித்தான்.

அவன் மூச்சு அடங்கும்வரை கொலை செய்ய வந்த கூட்டம் வாழை மரங்களுக்கடியில் குந்தி உட்கார்ந்து காத்திருந்தது. பிறகு கிழவர் பட்டையைக் கட்டினார். எண் நூற்றெண்பதுக்கு மேல் போய் நின்றது. மறுபடியும் சற்று நேரம் உட்காரவைத்துப் பார்த்தார். கொஞ்சம்கூட இறங்கவில்லை.

"உன் சித்தப்பனை விழவச்சது இதுதான்டா," என்றார் கிழவர். "உன் அப்பனையும்."

பங்காளிகள் இருவரும் மாறி மாறிப் பட்டையைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவனுக்குச் சரியாக இருந்தது, இன்னொருவனுக்கு அதிகம். கூட்டத்தில் ஒருவன் மட்டும், இதுவும் கிழவனின் மந்திரம், மிஷினைத் தொட்டவனெல்லாம் தொலைந்தான் என்று சொல்லிக்கொண்டே படகுக்கு ஓடினான். அன்சா அவன் பின்னால் போகவில்லை. வெகுநேரம் தன் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். போகும்போது உடைந்த பானையின் ஓடுகளைப் பொறுக்கி வேலியோரம் குவித்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அவன் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரம்மாவிடம் கையை நீட்டினான். அங்கேயும் அதே கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்து போனது. ஓரோக் சாகவில்லை. ஜெப வீட்டு அம்மா தன் ஜெபத்தால்தான் என்றாள், யாரும் மறுக்கவில்லை. சில வாரங்களில் வீட்டுக்கு வந்தான். கோலூன்றி நடக்கிறான். வலது கை மடியில் கிடக்கும். மோட்டார் வேலை இல்லை. பட்டறையில் உட்கார்ந்து இரண்டு பையன்களுக்கு வாயால் வேலை சொல்கிறான். வார்த்தைகள் கொஞ்சம் இழுபடும். கோபம் வந்தால் அதுவும் வராது, கோலால் தகரத்தைத் தட்டுவான். எனக்கே அவனைப் பார்க்கச் சில நாள் கஷ்டமாக இருக்கும். மாயெனிடம் உப்புக்காகச் சண்டை போடுகிறான், தோற்கிறான். கடையில் இப்போது குழம்பில் உப்பு மிகுந்த மசாலாக் கட்டியைக் குறைத்துக் கூனிப்பொடியைக் கூட்டிவிட்டோம். சிலர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும் என்றாள் மாயென்.

மாத்திரை விஷயத்தில் அவள் ராட்சசி. காலையில் அவன் நாக்கை நீட்டிக் காட்டினால்தான் அடுத்த வேலை.

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்பான் இழுத்து இழுத்து.

"குழந்தையா இருந்தா ஒரு அடி போட்டிருப்பேன். நாக்கைத் தூக்கு."

நடக்க முடிந்ததும் தன்னைக் கிரீக் டவுனுக்குக் கூட்டிப்போகச் சொன்னான். நானும் போனேன். கிழவரின் முன்னால் கோலைக் கீழே போட்டுவிட்டு நிற்க முடியாமல் நின்றான். "சித்தப்பா, அன்னிக்கு எனக்கு விவரம் தெரியாது," என்று சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது.

"தெரியாத வயசு இல்லடா உனக்கு," என்றார் கிழவர். "என் கூரைத் தகரத்தை முதல்ல பிரிச்சவன் நீ. மேலேருந்து என் மனைவி தலைக்குப் பக்கத்துல ஒண்ணை வீசினே. அவ இங்க வந்து அடுத்த மழைக்குள்ள செத்துப்போனா. அதை நான் மறக்க முடியாது. மறந்துட்டேன்னு பொய் சொல்லவும் மாட்டேன்." பிறகு குனிந்து கோலை எடுத்து அவன் இடது கையில் கொடுத்தார். "உக்காரு. நின்னா உனக்கு ஆகாது."

ஊருக்குத் திரும்பி வாருங்கள், வீடு கட்டித் தருகிறோம் என்று குடும்பத்தார் சொல்லியனுப்பினார்கள். அவர் வரவில்லை. அன்சா மட்டும் மாதத்துக்கு ஒருமுறை போய் அவருக்குத் தண்ணீர் நிரப்பி, விறகு உடைத்துக் கொடுத்துவிட்டு வருவான். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லையாம்.

அடியாகா மாறவில்லை. மகன் மாத்திரை போடுவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கிழவர் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். நாங்கள் எல்லோரும் அவளை மண்டைக்கனம் பிடித்தவள் என்றோம். ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில், எங்கள் அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மாயென். நீ அந்த டாக்டர்கிட்ட எல்லாம் கேட்டிருப்பே. அந்த மாத்திரையைப் போட்டிருந்தா இத்தா இருந்திருப்பாரா?"

மாயென் கரண்டியை வைத்தாள். "அக்கா, அதை யாரு சொல்ல முடியும்?"

"நீ சொல்லு."

"இருந்திருக்கலாம்."

அடியாகா தலையாட்டினாள். அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணத்தன்னிக்குக் காலையில தலை வலிக்குதுன்னு படுத்திருந்தாரு. வரலன்னு சொன்னாரு. நான்தான் புதுத்துணியைக் கட்டிக்கிட்டு நின்னேன். 'எழுந்து வாய்யா, நாலு ஆட்டம் ஆடுனா தலைவலி ஓடிடும்'னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். கிழவன் கொன்னான்னு இருந்த வரைக்கும் எனக்குத் தூக்கம் வந்துச்சுடி. இப்போ நான் யாரைத் திட்டுவேன்?"

மாயென் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தணித்துவிட்டு, வந்த ஆட்களைக் கடை மூடிவிட்டது என்று திருப்பி அனுப்பினேன்.

அந்த வருடம் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் அடியாகா தனியாகப் படகேறினாள். எங்கே என்று படகோட்டி வந்து சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. அங்கே என்ன பேசினார்கள், பேசினார்களா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் முழுக்க நனைந்து திரும்பிவந்தாள். தலையில் அந்தக் கறுப்புத் துணி இல்லை. கடைக்குள் வந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, அந்த டாக்டரம்மா எந்தெந்தக் கிழமைகளில் உட்காருவாள் என்று மாயெனிடம் கேட்டாள்.

"யாருக்கு அக்கா?"

"எனக்குத்தான். எனக்கும் கொஞ்ச நாளா காலையில தலை சுத்துது," என்றாள். பிறகு உடுத்திய துணியின் ஓரத்தைப் பிழிந்துவிட்டு, தன் கருவாட்டுக் கடையின் தார்ப்பாயை இறக்கிக் கட்டப் போனாள்.